தைக்கப் பழகுறவங்களுக்கு: நல்ல காட்டன் துணி பார்த்து வாங்குறது எப்படி?

புதுசா மெஷின் வாங்கினதும் கட்டிங் வீடியோ, ஸ்டிச்சிங் வீடியோன்னு தேடித் தேடிப் பார்க்கிறோம், ஆனா துணி வாங்குறதைப் பத்தி யாரும் உக்காந்து சொல்லித் தர்றதில்ல. நான் முதல்முதலா தைச்சது ஒரு தலையணை உறை. போன்ல பிரின்ட்டைப் பார்த்து ஆசைப்பட்டு ஆர்டர் பண்ணின துணி, தையல் நல்லாத்தான் விழுந்துச்சு, ஒரே ஒரு தடவை துவைச்சதுக்கே சுருங்கிப்போய் தலையணை உள்ள நுழையல. ரெண்டு நாள் உழைப்பு போச்சேன்னு அழுகையே வந்துடுச்சு. அதுக்கப்புறம்தான் மதுரை விளக்குத்தூண், பத்துத்தூண் சந்துப் பக்கம் கடைகடையா ஏறி இறங்கி, கேட்டுக் கேட்டு கத்துக்கிட்டேன். அதே தலையணை உறையை வச்சே சொல்றேன், ஆரம்பிக்கிறவங்களுக்கு அதைவிட நல்ல ஐட்டம் கிடையாது.

ஸ்டெப் 1: வீட்டுலயே கணக்குப் போட்டுக்கோங்க

கடையில போய் "ரெண்டு மீட்டர் குடுங்க"ன்னு குத்துமதிப்பா கேக்காதீங்க. சாதாரணத் தலையணை 17க்கு 27 இஞ்ச் இருக்கும். ஒரே நீளத் துண்டா வெட்டி மடக்கித் தைக்க, நீளம் 27 + 27, உள்ள மடக்குற ஃப்ளாப் 6, ஓரம் மடிக்க 2, ஆக 62 இஞ்ச். அகலம் 19 வேணும். சுருக்கத்துக்கும் இடம் விட்டு 1.75 மீட்டர் வாங்கினா தாராளம்.

இங்கதான் பன்னா வருது. பன்னான்னா துணியோட அகலம். 44 இஞ்ச் பன்னா துணியில அந்த 1.75 மீட்டர்லயே ரெண்டு உறை பக்கத்துல பக்கத்துல வந்துடும். 36 இஞ்ச் பன்னாவுல 19ம் 19ம் சேர்த்தா 38, பத்தாது, ஒண்ணுதான் வரும். அதனால விலையைக் கேக்குறதுக்கு முன்னாடி பன்னாவைக் கேளுங்க, மீட்டருக்கு 20 ரூபா கம்மியா இருக்குன்னு சின்ன பன்னாவை வாங்கிட்டு வந்தா கடைசியில அதுதான் அதிக செலவு.

ஸ்டெப் 2: கூட்டம் இல்லாத நேரமா போங்க

வார நாள்ல காலையில போனா நின்னு பேச நேரம் இருக்கும். "காட்டன் காட்டுங்க"ன்னு மட்டும் சொன்னா கலப்பு நூல் துணியும் சேர்ந்து வரும். "அண்ணே, தலையணை உறை தைக்கணும், அடிக்கடி துவைப்போம், முழு காட்டனா வேணும்"னு சொல்லுங்க. பாப்ளின் காட்டுவாங்க, கேம்ப்ரிக் காட்டுவாங்க, ரெண்டும் நெருக்கமா நெய்த காட்டன் துணி வகைதான், ரெண்டுமே சரி. மல்னு சொல்ற மெலிசான காட்டன் துணி தொட்டா பஞ்சு மாதிரி இருக்கும், ஆனா மெஷின்ல வழுக்கும், அதைக் கொஞ்சம் கை பழகினப்புறம் எடுங்க.

40 கவுண்ட், 60 கவுண்ட்னு பேசிக்குவாங்க, பயந்துடாதீங்க, அது நூலோட எண். எண் கூடக் கூட நூல் மெலிசாகும், அவ்வளவுதான்.

ஸ்டெப் 3: தொட்டுப் பாருங்க, இதுதான் முக்கியம்

துணியோட ஒரு மூலையை ரெண்டு கையாலயும் துவைக்கிற மாதிரி நல்லா கசக்குங்க. மாவு மாதிரி உதிர்ந்தா அது கஞ்சி. கடையில மொடமொடன்னு இருக்கிற துணி ஒரு தண்ணி பட்டதும் சல்லடை மாதிரி ஆகிடும், கஞ்சியைத்தான் நாம கெட்டித் துணின்னு நினைச்சு ஏமாந்துடுறோம்.

அப்புறம் வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிங்க. நூல் ஒரே சீரா நெருக்கமா தெரியணும், ஒரு இடம் அடர்த்தியாவும் ஒரு இடம் இடைவெளி விட்டும் இருந்தா வேண்டாம். கட்டைவிரல் நகத்தால மெதுவா தள்ளிப் பாருங்க, நூல் விலகி இடைவெளி விழுந்தா தையல் போட்ட இடத்துலயும் அப்படித்தான் பிரிஞ்சுட்டு வரும். கோடு, கட்டம் பிரின்ட் போட்ட துணின்னா அந்தக் கோடு குறுக்கு நூலோட நேரா போகுதான்னு கட்டாயம் பாருங்க. பிரின்ட் சாஞ்சிருந்தா நீங்க எவ்வளவு நேரா வெட்டினாலும் உறை கோணலாத்தான் தெரியும்.

சாயத்துக்கு ஒரு வெள்ளைக் கைக்குட்டையை லேசா நனைச்சு எடுத்துட்டுப் போங்க, கடைக்காரர்கிட்ட கேட்டுட்டு ஒரு ஓரத்துல தேய்ச்சுப் பாருங்க. கருஞ்சிவப்பு, கருநீலத்துக்கு இதைச் செய்யாம நான் வாங்குறதே இல்ல.

ஸ்டெப் 4: சந்தேகம்னா ரெண்டு நூல் போதும்

ஓரத்துல ரெண்டு நூல் உருவித் தரச் சொல்லிக் கேளுங்க, குடுப்பாங்க. வீட்டுல சிங்க் பக்கத்துல வச்சு, இடுக்கியில பிடிச்சு கொளுத்துங்க. காட்டன்னா காகிதம் எரியிற வாசனை, சாம்பல் தொட்டா பொடியாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கறுப்பா கெட்டி மணி மாதிரி நிக்கும். மரக்கூழ்ல இருந்து செய்யிற ரேயான் நூலும் காட்டன் மாதிரியேதான் எரியும், அதுக்கு இன்னொரு நூலை நனைச்சு இழுத்துப் பாருங்க, ரேயான் ஈரத்துல பொசுக்குன்னு அறுந்துடும், காட்டன் ஈரத்துல இன்னும் கெட்டியாத்தான் இருக்கும். இதுக்காகத்தான் முதல்ல கால் மீட்டர் மட்டும் வாங்கிட்டு வந்து பார்த்துட்டு, அடுத்த நாள் மீதியை வாங்குறேன். பக்கத்துக் கடைங்கிறதால இது முடியுது.

ஸ்டெப் 5: கைத்தறியையும் ஒரு தடவை தைச்சுப் பாருங்க

கோ-ஆப்டெக்ஸ் 1935ல இருந்து இருக்கிற நெசவாளர் கூட்டுறவு, அங்கேயும் நெசவாளர் சங்கக் கடைகள்லயும் கைத்தறி முத்திரை இருக்கான்னு பார்த்து வாங்குங்க. நூல்ல அங்கங்க சின்ன முடிச்சு தெரியலாம், அது குறை இல்ல, கை நெய்த துணி அப்படித்தான் இருக்கும். இங்க மட்டும் பேரம் பேசாதீங்க, ப்ளீஸ், தறிக்கு நீள நூலை (பாவு) ஓட்டுறதுல இருந்து ஒரு குடும்பமே சேர்ந்து உழைச்ச துணி அது.

அதே மாதிரி, கடையில பத்து தானை, அதாவது முழுத் துணிக்கட்டைப் பிரிச்சுப் போடச் சொல்லி தொட்டுப் பார்த்துட்டு, போட்டோ எடுத்துட்டு வந்து ஆன்லைன்ல வாங்குறது ரொம்பத் தப்பு. அந்த அண்ணன் நமக்குச் சொல்லித் தந்த அரை மணி நேரத்துக்கு என்ன விலை? நூல்கண்டு, ஊசி, ஜிப்பு, எலாஸ்டிக் எல்லாத்தையும் அதே தெருவுலயே வாங்குங்க, துணியைக் கையில வச்சு நூல் கலர் ஒத்துப் பார்க்கிற வசதி வேற எங்க கிடைக்கும்? பாப்ளினுக்கு 14ஆம் நம்பர் ஊசி, மல்லுக்கு 11, கேட்டாலே எடுத்துக் குடுப்பாங்க.

ஸ்டெப் 6: வெட்டுறதுக்கு முன்னாடி ஊற வைங்க

காட்டன் மீட்டருக்கு 3ல இருந்து 5 சென்டிமீட்டர் வரைக்கும் சுருங்கலாம். ராத்திரி முழுக்க தனி பக்கெட்ல பச்சைத் தண்ணியில ஊற விட்டு, முறுக்காம பிழிஞ்சு, நிழல்ல காயப் போடுங்க. சாயம் இறங்கினா தண்ணி தெளியிற வரைக்கும் மாத்தி மாத்தி அலசுங்க. கல் உப்பு போட்டா சாயம் நிக்கும்னு சொல்வாங்க, நான் அதை நம்பி விடுறதில்ல, அலசுறதைத்தான் நம்புறேன். லேசா ஈரம் இருக்கும்போதே அயர்ன் பண்ணி, ஓரத்துல ஒரு குறுக்கு நூலை உருவி, அந்தக் கோட்டுலயே வெட்டி நேராக்கிட்டு, அப்புறம் டேப்பை எடுங்க.

உறை தைச்சு முடிச்சதும் அடுத்த தடவை போகும்போது பையில போட்டு எடுத்துட்டுப் போய் கடையில காட்டுங்க. நான் காட்டினப்போ அந்த அண்ணன் ஓரத்தைத் திருப்பிப் பார்த்துட்டு, "அடுத்து பாவாடை தைங்க, லைனிங் துணி நல்லதா வந்திருக்கு"ன்னு ஒரு தானை எடுத்துப் போட்டார்.