மாற்றுத்திறன் குழந்தைக்கு அரசு உதவித்தொகை: நீலகிரிப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பந்தலூரிலோ மஞ்சூரிலோ தோட்ட வேலை செய்யும் குடும்பத்துக்கு உதகைக்கு ஒருமுறை வந்து திரும்புவது ஒரு நாள் கூலியை விடுவதாகும். நடக்க இயலாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய்க்கு அது இன்னும் கடினம். எனவே எதை முதலில் பெறுவது, எதைப் பின்னர் கேட்பது என்பதைத் தெளிவுபடுத்திக்கொண்டு புறப்படுவது நல்லது.

முதலில் வேண்டியது குழந்தையின் ஆதார். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கைரேகை இல்லாமலே அது கிடைக்கும். 5 வயது நிறைந்ததும் கைரேகையையும் கருவிழியையும் பதிவுசெய்து புதுப்பிக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ், ஆதார், குடும்ப அட்டை மூன்றிலும் பெயரும் தலைப்பெழுத்தும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று அப்போதே சரிபார்த்துவிடுங்கள்.

அடுத்தது மாற்றுத்திறன் சான்றிதழும், யுடிஐடி எனப்படும் தனித்துவ அடையாள அட்டையும். இ-சேவை மையத்தில் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தின் வழியாக விண்ணப்பித்த பின் மருத்துவர்கள் குழந்தையைப் பரிசோதிப்பார்கள். பள்ளி வயதுக் குழந்தைகளுக்காகப் பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையங்கள் மருத்துவ மதிப்பீட்டு முகாம்களை நடத்துகின்றன. முகாம் தேதியை உங்கள் பகுதிச் சிறப்பாசிரியரிடம் கேட்டறிந்தால் உதகைப் பயணத்தைத் தவிர்க்கவும் வாய்ப்புண்டு.

சான்றிதழில் எழுதப்படும் குறைபாட்டு வகையும் விழுக்காடும்தான் பின்னர் கிடைக்கும் பணத்தைத் தீர்மானிக்கின்றன என்பதைப் பல பெற்றோர் அறியாமலே திரும்பிவிடுகிறார்கள். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழங்கும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையைப் பெற, அறிவுசார் குறைபாட்டுக்கும் தசைச்சிதைவு நோய்க்கும் 40 விழுக்காடு இருந்தாலே போதும். கை கால் குறைபாட்டுக்கோ 75 விழுக்காடு வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையின் கை கால்களை மட்டும் பார்த்து 60 விழுக்காடு என்று எழுதினால் இத்தொகை கிடைக்காது. அதே குழந்தைக்கு அறிவுசார் குறைபாடும் இருந்து, அதுவும் மதிப்பிடப்பட்டுச் சான்றிதழில் இடம்பெற்றால் நிலைமை மாறும். ஆகவே பேச்சு, புரிதல், செவித்திறன், வலிப்பு என்று வீட்டில் நீங்கள் கண்ட அனைத்தையும் மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். இது சலுகை கேட்பதன்று. குழந்தையின் உண்மை நிலையைப் பதிவுசெய்வது. மதிப்பீட்டில் உடன்பாடு இல்லையென்றால் 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். குழந்தைகளுக்கான சான்றிதழ் பெரும்பாலும் குறிப்பிட்ட காலத்துக்கே செல்லும் என்பதால், அது முடியும் முன்பே புதுப்பிக்க வேண்டும்.

சான்றிதழ் கைக்கு வந்ததும், ஆதாருடன் இணைத்த வங்கிக் கணக்கைக் குழந்தையின் பெயரில் பெற்றோரைக் காப்பாளராகக் கொண்டு தொடங்கி, பராமரிப்புத் தொகைக்கு விண்ணப்பியுங்கள். எதைக் கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வராதீர்கள். மாதங்கள் கடந்தும் பதில் இல்லையென்றால், அதன் நகலுடன் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு அளிக்கலாம். விண்ணப்பத்தை முடித்துத் தருவதாக இடைத்தரகர் எவரேனும் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

ஒன்று கிடைத்ததும் நின்றுவிடாதீர்கள். பள்ளி செல்லும் குழந்தைக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் கல்வி உதவித்தொகை உண்டு. மாற்றுத்திறன் மாணவியருக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மாதம் 200 ரூபாய் வீதம் 10 மாதங்களுக்கு ஊக்கத்தொகை வழங்கப்படுகிறது. பள்ளிக்கு வர இயலாத குழந்தைக்கு வீட்டிலேயே கற்பிக்கும் ஏற்பாட்டையும் இயன்முறைச் சிகிச்சையையும் வட்டார வள மையத்தில் கேளுங்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குத் மத்திய அரசின் அமைப்பான தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. பழைய முறையில் வருமான வரி செலுத்தும் பெற்றோர் 80டிடி பிரிவின்கீழ் 75,000 ரூபாயும், பாதிப்பு 80 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்றால் 1,25,000 ரூபாயும் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம்.

குழந்தைக்கு 18 வயது நிறையும்போது பெற்றோரின் இயல்பான காப்புரிமை சட்டப்படி முடிந்துவிடுகிறது. நிராமயா காப்பீட்டுக்கு மேலே சொன்ன நான்கு குறைபாடுகளில் ஒன்று இருந்து, தானே முடிவெடுக்க இயலாத நிலையில் பிள்ளை இருந்தால், ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் அளவிலான குழுவிடம் சட்டபூர்வக் காப்பாளர் நியமனம் கோரி விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான ஆவணங்களை 17 வயதிலேயே திரட்டத் தொடங்குங்கள்.