பழைய ரேடியோவில் ஏஎஃப்117 போய்விட்டால் மாற்று போடுவது எப்படி?

1960-களின் டிரான்சிஸ்டர் ரேடியோக்கள் பலவற்றில் ஏஎஃப்117 என்ற ஜெர்மேனிய டிரான்சிஸ்டர் இருக்கும். இதன் தகர உறைக்குள் வெள்ளீய இழைகள் முடிபோல வளர்ந்து, உள்ளே இருக்கும் கால்களை உறையோடு ஷார்ட் செய்துவிடும். ஓரமாகக் கிடக்கும் ரேடியோவும் இப்படித்தான் ஊமையாகிறது.

மாற்று தேடும்போது எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். அந்தப் பாகம் சர்க்யூட்டில் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள்.

1. ஏஎஃப்117-க்கு நான்கு கால்கள்: எமிட்டர், பேஸ், ஷீல்டு (உறையோடு இணைந்த கால்), சற்றே தள்ளி கலெக்டர். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஷீல்டு காலை மட்டும் வெட்டுங்கள். பல ரேடியோக்கள் இதிலேயே பாட ஆரம்பிக்கும். ஆனால் இழைகள் உள்ளேயே இருப்பதால் இதை நம்பி விட்டுவிட முடியாது.

2. ரேடியோ பாடும்போதே வோல்டேஜைக் குறித்துக்கொள்ளுங்கள். மீட்டரின் சிவப்பு முனை பேட்டரியின் பாசிட்டிவில், கறுப்பு முனை முதலில் எமிட்டரில், அப்புறம் பேஸில். இரண்டுக்கும் வித்தியாசம் 0.2 வோல்ட் அளவில் இருக்கும். ரேடியோ பாடவில்லை என்றால் சர்வீஸ் வரைபடத்தில் உள்ள அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

3. மாற்றும் பிஎன்பி வகையாகவே (எமிட்டர் பாசிட்டிவ் பக்கம் வரும் வகை) இருக்க வேண்டும். மீடியம் வேவ் ரேடியோவுக்கு 2என்3906 போதும். எளிதில் கிடைக்கும், விலையும் குறைவு. தட்டையான பக்கம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், இடமிருந்து எமிட்டர், பேஸ், கலெக்டர்.

4. முக்கியமான வேலை இதுதான். 2என்3906 சிலிக்கான், பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே 0.6 முதல் 0.7 வோல்ட் கேட்கும். அப்படியே மாட்டினால் கரண்ட் போதாமல் சத்தம் மங்கும், சில சமயம் வரவே வராது. பேஸிலிருந்து பேட்டரி நெகட்டிவ் பக்கம் போகும் ரெசிஸ்டரைக் குறைக்க வேண்டும். உதாரணமாக, 6 வோல்ட் செட்டில் பேஸிலிருந்து பாசிட்டிவுக்கு 10 கிலோ ஓம், நெகட்டிவுக்கு 39 கிலோ ஓம் இருந்தால், பாசிட்டிவிலிருந்து அளக்கும்போது பேஸில் சுமார் 1.2 வோல்ட். 39-ஐ 27 ஆக்கினால் 1.6 வோல்ட். எமிட்டர் வோல்டேஜ் பழைய அளவுக்கே திரும்ப வந்தால் சரி.

ஏவிசி (ஒலி அளவைத் தானாகச் சீராக்கும் அமைப்பு) கட்டுப்பாட்டில் உள்ள முதல் ஐஎஃப் (இடைநிலை அதிர்வெண்) நிலையில் மட்டும் இந்த மாற்றத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தத் தானியங்கிக் கட்டுப்பாடே குழம்பும். அங்கே ஜெர்மேனிய வகையான ஏஎஃப்127 பொருத்தம். அதுவும் பழைய சரக்குதான் என்பதால் சோதித்து வாங்குங்கள்.

5. பழைய கெபாசிட்டர்களுக்கு இவ்வளவு யோசனை வேண்டாம். 0.05 மைக்ரோஃபாரடுக்கு 0.047, 25-க்கு 22, 50-க்கு 47. வோல்டேஜ் அளவு பழையதற்குக் குறையக் கூடாது, அவ்வளவுதான்.

மாற்றிய பிறகு விசில் கேட்டால், ஐஎஃப் நிலையில் கலெக்டர் பக்கத்திலிருந்து பேஸுக்கு வரும் சிறிய நியூட்ரலைசிங் கெபாசிட்டரின் மதிப்பைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். விசில் நின்ற பிறகே ஐஎஃப் காயிலின் திருகைத் திருப்புங்கள். கால் சுற்றுக்கு மேல் பெரும்பாலும் தேவைப்படாது.