டரான்டுலா கடித்தால் முதல் ஒரு மணி நேரத்தை நம்பாதீர்கள்

டரான்டுலா என்பது உடம்பெல்லாம் முடி உள்ள பெரிய சிலந்தி. அது கையில் கடித்திருந்தால் முதலில் மோதிரம், வளையல், கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். வீக்கம் ஏறிவிட்டால் மோதிரத்தை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸை வையுங்கள். இறுக்கிக் கட்டாதீர்கள், பிளேடால் கீறாதீர்கள். 2012-இல் அசாமின் சதியாவில் சிலந்தி கடித்து இருவர் இறந்ததாகச் செய்தி வந்தது. அவர்களுக்கு முதலில் மந்திரவாதிகள் காயத்தைக் கீறிவிட்டிருந்தார்களாம். இறப்புக்கு விஷம்தான் காரணமா என்பது உறுதியாகவே இல்லை.

நான் ராமேஸ்வரம் தீவில் செவிலியர். இங்கே புளியமரப் பொந்துகளில் ஒரு டரான்டுலா வாழ்கிறது. அனுமன் கோயில் ஒன்றின் பெயரால் 2004-இல் அதற்குப் பொயிசிலோதீரியா ஹனுமவிலாசுமிகா என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்கக் கண்டத்து டரான்டுலாக்கள் பலவும் வயிற்று முடியை உதிர்த்து எதிரியை விரட்டும். அவை கடித்தாலும் பெரும்பாலும் தேனீ கொட்டிய அளவு வலிதான். இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உள்ள பொயிசிலோதீரியா இனங்களுக்கு அந்த முடி கிடையாது. ஓட வழியில்லை என்றால் கடித்துவிடும்.

தேங்காய் பறிக்கும் அண்ணன் ஒருவர் விரலில் கடிபட்டு வந்தார். எரிச்சல், லேசான வீக்கம், அவ்வளவுதான். வலி குறைந்ததும் கிளம்பிவிட்டார். அன்று ராத்திரி தொடையும் முதுகும் சுண்டி இழுத்து, திரும்பத் தூக்கி வந்தார்கள். இந்த இனத்தின் கடியில் தசைப்பிடிப்பு பல மணி நேரம் கழித்து, கடித்த இடத்துக்குத் தொடர்பே இல்லாத தசையில்கூட வரலாம். சிலருக்கு நாள்கணக்கில், வாரக்கணக்கில் விட்டுவிட்டு வரும். அதனால் கடிபட்டவரை அன்று இரவு தனியாகப் படுக்க விடாதீர்கள். பிடிப்பு தொடங்கினால் ஆஸ்பத்திரிக்குப் போய், தசையைத் தளர்த்தும் மருந்து வாங்கித்தான் ஆக வேண்டும். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, உடம்பெல்லாம் தடிப்பு என்றால் உடனே 108. டெட்டனஸ் ஊசியையும் மறக்க வேண்டாம்.

இதற்கென்று விஷமுறிவு மருந்து கிடையாது. பாம்புக்கடி ஊசி சிலந்தி விஷத்துக்குப் பயன்படாது. ஆனால் பொந்துக்குள் கடித்தது எதுவென்று கண்ணால் பார்க்கவில்லை என்றால், பாம்பு என்றே நினைத்துக்கொண்டு அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

சிலந்தியை அடிக்காதீர்கள். அழிவின் விளிம்பில் இருக்கும் உயிர் அது. தூரத்திலிருந்து ஒரு போட்டோ எடுத்தால் போதும், டாக்டருக்கு உதவும்.