தீமை எங்கிருந்து வந்தது? வேதபாடம் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"கடவுள் எல்லாவற்றையும் படைத்தார் என்றால் தீமையையும் அவர்தானே படைத்திருக்க வேண்டும்?" ஞாயிறு பள்ளியில் பத்து வயதுப் பிள்ளை இதைக் கேட்கும். வாலிபர் கூட்டத்தில் கல்லூரி மாணவர் கேட்பார். சாவு வீட்டில் ஒரு தாய் வேறு சொற்களில் கேட்பாள். தீமை எங்கிருந்து வரவில்லை என்பதை வேதம் தெளிவாகச் சொல்கிறது. அது எப்படித் தொடங்கியது என்பதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறது. அந்த இடைவெளியை நாமாக நிரப்பப் போகும்போது தவறுகள் நுழைகின்றன. தமிழ் வேதாகமத்தின் சில சொற்கள் நம் காதில் வேறு பொருளில் விழுவது இன்னொரு காரணம்.

ஏசாயா 45:7-ஐத் தனியே பிடுங்கி வைப்பது

"சமாதானத்தைப் படைத்து தீங்கையும் உண்டாக்குகிறவர் நானே" என்ற வரியைக் காட்டி, பாவத்தைக் கடவுளே உண்டாக்கினார் என்று சொல்பவர்கள் உண்டு. இங்கே 'தீங்கு' என்று வருவது எபிரெயத்தில் 'ரா' என்ற சொல். அது விரிந்த பொருளுடையது. எரேமியா 24-இல் சாப்பிட முடியாத கெட்ட அத்திப்பழங்களுக்கும் அதே சொல்தான். ஆதியாகமம் 41-இல் பார்வோனின் கனவில் வந்த அவலட்சணமான பசுக்களுக்கும் அதே சொல்தான். பழமும் பசுவும் பாவம் செய்வதில்லை.

எந்தப் பொருள் என்று முடிவு செய்ய எளிய வழி, பக்கத்தில் நிற்கும் எதிர்ச்சொல்லைப் பார்ப்பது. இந்த வசனத்தில் ஒளிக்கு எதிரே இருள். சமாதானத்துக்கு எதிரே தீங்கு. நீதிக்கு எதிரே இருந்திருந்தால் அக்கிரமம் என்று கொள்ளலாம். சமாதானத்துக்கு எதிரே நிற்பது போரும் பேரழிவும். அதிகாரத்தின் முதல் வசனமே கோரேசு ராஜாவைப் பற்றியது, பாபிலோனைக் கி.மு. 539-இல் பிடித்த பாரசீக மன்னன். பேசப்படுவது அரசுகள் எழுவதும் விழுவதும். ஆமோஸ் 3:6-ஐயும் இப்படியே வாசிக்க வேண்டும். அங்கே ஊரில் எக்காளம் ஊதுகிறது, அதாவது படை வருகிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இந்த இரண்டு இடத்திலும் 'தீங்கு' என்று போட்டுவிட்டு, யாக்கோபு 1:13-இல் "தேவன் பொல்லாங்கினால் சோதிக்கப்படுகிறவரல்ல" என்று வேறு சொல்லை வைத்திருக்கிறார்கள். வகுப்பில் இந்த இரண்டு சொற்களையும் கரும்பலகையில் எழுதிக் காட்டினாலே பாதிக் குழப்பம் தீரும்.

ஆனால் வசனத்தின் கூர்மையை மழுக்கிவிடக் கூடாது. பேரழிவும் கடவுளின் கைக்கு வெளியே இல்லை என்றுதான் ஏசாயா சொல்கிறார். அது கடினமான வார்த்தை; கடினமாகவே விடுங்கள்.

சாத்தானை இரண்டாவது கடவுளாக்குவது

கடவுளைக் குற்றத்திலிருந்து காப்பாற்றப் போய் எதிர்ப்பக்கம் விழுவது இது. நல்லது எல்லாம் கடவுளிடமிருந்து, கெட்டது எல்லாம் பிசாசிடமிருந்து, இருவருக்கும் ஆதிமுதல் போர் என்ற சித்திரம் கிறிஸ்தவம் அல்ல. 3-ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தில் மானி போதித்தது அதைத்தான். பிற்காலத்தில் சபையின் பெரிய போதகரான அகுஸ்தீன் இளமையில் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் அந்த மார்க்கத்தில் இருந்து, பிறகு அதை விட்டு வெளியே வந்தவர். சாத்தான் படைக்கப்பட்டவன். தொடக்கம் உள்ளவன், எல்லை உள்ளவன். யோபு முதல் இரண்டு அதிகாரங்களில் அனுமதி இல்லாமல் ஓர் ஆட்டைக்கூட அவனால் தொட முடியவில்லை.

அவன் எப்படி விழுந்தான் என்று சொல்லும்போது 'லூசிபர்' என்ற தூதன் பெருமையால் விழுந்து சாத்தானான கதையை முழுதாக ஒப்பிப்பது அடுத்த சறுக்கல். தமிழ் வேதாகமத்தில் அந்தப் பெயர் கிடையாது. ஏசாயா 14:12-இல் "அதிகாலையின் மகனாகிய விடிவெள்ளியே" என்று இருக்கிறது. லத்தீனில் ஜெரோம் அதை 'லூசிபர்' என்று மொழிபெயர்த்தார். ஒளி கொண்டுவருவது, விடிவெள்ளி என்று பொருள். அதே லத்தீன் வேதாகமம் 2 பேதுரு 1:19-இல் விசுவாசிகளின் இருதயத்தில் உதிக்கும் விடிவெள்ளிக்கும் அதே சொல்லைத்தான் போட்டிருக்கிறது. ஏசாயா 14 பாபிலோன் ராஜாவைப் பற்றிய பாட்டு என்று 4-ஆம் வசனம் சொல்கிறது. எசேக்கியேல் 28 தீருவின் ராஜாவைப் பற்றியது. தெர்த்துல்லியன், ஓரிகன் போன்ற ஆதிச் சபைப் பிதாக்கள் இந்தப் பகுதிகளில் சாத்தானின் வீழ்ச்சியைக் கண்டார்கள். ஏசாயா 14-க்கு அப்படிப் பொருள் சொல்வதைச் சீர்திருத்தவாதி கால்வின் கடுமையாக மறுத்தார். "சபை மரபில் இப்படி வாசித்தவர்கள் உண்டு" என்று சொல்வது நேர்மை. "வேதம் நேராகச் சொல்கிறது" என்பது மிகை. தூதர்கள் விழுந்ததற்கு யூதா 6, 2 பேதுரு 2:4, யோவான் 8:44 ஆகியவை போதும். ஏன் விழுந்தார்கள் என்று அவை விளக்குவதில்லை.

"தீமை ஒரு பொருள் அல்ல" என்பது மாயை என்று கேட்கும்படி பேசுவது

அகுஸ்தீன் கண்டடைந்த பதில், தீமை தனியாகப் படைக்கப்பட்ட ஒன்று அல்ல, நன்மையின் குறைவு என்பது. ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் 'நல்லது', 'நன்றாயிருந்தது' என்ற தீர்ப்பு ஏழு முறை வருகிறது. ஏழாவது முறை "மிகவும்" சேர்கிறது. படைக்கப்பட்டவற்றில் தீமை என்று ஒரு பொருள் இல்லை. பல்லில் சொத்தையை நினைத்துக்கொள்ளுங்கள். பல் இல்லாமல் சொத்தை இல்லை. சொத்தையை மட்டும் தனியே எடுத்து மேசையில் வைக்க முடியாது. ஆனால் வலி பொய் அல்ல. கள்ள நோட்டும் அப்படித்தான், நல்ல நோட்டு புழங்கும் ஊரில்தான் செல்லும்.

இந்த உவமைகளோடு நிறுத்தினால் கூர்மையான மாணவர் கேட்பார்: "திட்டம் போட்டுக் கொலை செய்கிறவனிடம் என்ன குறைவு? அறிவும் வேகமும் நிறையத்தானே இருக்கிறது?" நல்ல கேள்வி. அறிவும் வேகமும் நன்மைகளே. அவை திரும்ப வேண்டிய திசையில் திரும்பவில்லை. குறைவு இருப்பது அங்கே.

தமிழில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. ரோமர் 8:20 சிருஷ்டி "மாயைக்குக் கீழ்ப்பட்டிருக்கிறது" என்கிறது. பிரசங்கி "எல்லாம் மாயை" என்கிறார். தமிழ்ச் செவிக்கு மாயை என்றால் தோற்ற மயக்கம், உண்மையில் இல்லாதது. பிரசங்கியின் எபிரெயச் சொல்லோ மூச்சுக்காற்று, நீராவி என்ற பொருளுடையது. பவுலின் கிரேக்கச் சொல் பயனற்றுப்போன நிலையைக் குறிக்கிறது. துன்பம் வெறும் தோற்றம் என்று இருவருமே சொல்லவில்லை. இந்த வசனங்களை வாசிக்கும்போதெல்லாம் 'வெறுமை' என்று ஒரு முறை பக்கத்தில் சொல்லிக்கொடுங்கள்.

'ஜென்மப் பாவம்' என்பதை விளக்காமல் விட்டுவிடுவது

மறுபிறப்பு நம்பிக்கை காற்றிலேயே கலந்திருக்கும் நாட்டில், இந்தச் சொல்லைக் கேட்கிற புதியவர் 'போன ஜென்மத்தில் செய்தது' என்று எடுத்துக்கொள்வது இயல்பு. ஜென்மம் என்பது இங்கே பிறப்பு, முற்பிறவி அல்ல. நாம் பிறக்கும்போதே உடைந்த குடும்பத்துக்குள் பிறக்கிறோம் என்பதே கருத்து. கத்தோலிக்க மறைக்கல்வி இதை நுணுக்கமாகச் சொல்கிறது: இது நாம் செய்த செயல் அல்ல, நாம் பெற்றுக்கொண்ட நிலை, ஆதாமின் சந்ததியில் எவருக்கும் அது தனிப்பட்ட குற்றம் அல்ல. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள், நாம் சுதந்தரித்தது மரணத்தையே, ஆதாமின் குற்றத்தை அல்ல என்கின்றன. சீர்திருத்தச் சபைகளில் பலவும் குற்றமும் நம்மேல் எண்ணப்படுகிறது என்று போதிக்கின்றன. எந்தச் சபையில் பாடம் எடுக்கிறீர்களோ அதன் போதனையைச் சொல்லுங்கள். மற்றவை இல்லாததுபோல் பேச வேண்டாம்.

ஏவாள்மேல் பழியைப் போடுவதையும் இங்கேயே நிறுத்துங்கள். விலக்கின கட்டளை ஆதாமுக்குக் கொடுக்கப்பட்டபோது அவள் உண்டாக்கப்படவே இல்லை. ஆதியாகமம் 3:6-இன் எபிரெயத்தில் அவள் கொடுத்தது "தன்னோடிருந்த" புருஷனுக்கு. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அந்தச் சொல் தெரிவதில்லை. 1 தீமோத்தேயு 2:14 ஸ்திரீ வஞ்சிக்கப்பட்டாள் என்கிறது. ஆனால் பாவம் உலகத்தில் பிரவேசித்த வாசலாக ரோமர் 5 பெயர் சொல்வது ஆதாமை. கனி ஆப்பிள் என்று வேதம் சொல்லவில்லை. அது பாலுறவும் அல்ல, ஏனெனில் "பலுகிப் பெருகி" என்ற ஆசீர்வாதம் வீழ்ச்சிக்கு முன்பே வந்துவிட்டது.

சுயாதீனத்தை (நாமே தெரிந்துகொள்ளும் சித்தத்தை) எல்லாப் பூட்டுக்கும் சாவியாக்குவது

"கடவுள் நம்மை ரோபோவாகப் படைக்கவில்லை" என்ற ஒற்றை வரியில் பலர் பாடத்தை முடித்துவிடுகிறார்கள். இதற்கு இரண்டு இடத்தில் அடி விழும். பரலோகத்தில் சுயாதீனம் இருக்குமா என்று கேட்பார்கள். பாவம் செய்யும் வாய்ப்பு இருந்தால்தான் சுயாதீனம் என்று சொல்லியிருந்தால், அங்கே உள்ளவர்கள் அடிமைகள், கடவுளும் அடிமை என்று ஆகும். அகுஸ்தீன் இதை முன்பே கண்டார்: ஆதாமால் பாவம் செய்யாதிருக்க முடிந்தது, மகிமையடைந்தவர்களால் பாவம் செய்ய முடியாது, பின்னதே பெரிய சுயாதீனம். ஆகவே "விலகிப் போகவும் கூடிய சித்தத்தோடு மனிதனைப் படைத்தார்" என்பதோடு நில்லுங்கள். அமெரிக்க மெய்யியலாளர் ஆல்வின் பிளாண்டிங்கா 1970-களில் சுயாதீன வாதத்தைச் செப்பனிட்டபோதும், கடவுளும் தீமையும் ஒருசேர இருப்பது தர்க்கத்துக்கு முரண் அல்ல என்று மட்டுமே நிறுவ முயன்றார். கடவுள் ஏன் அனுமதித்தார் என்ற காரணத்தைச் சொல்வதாக அவர் கூறவில்லை.

இரண்டாவது அடி நிலநடுக்கத்திலிருந்து வரும். 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்களின் திருநாள் காலை, லிஸ்பனில் கோவில்கள் நிறைந்திருந்தபோது பூமி அதிர்ந்தது. 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை, கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணி வந்திருந்தவர்கள் பலரைக் கடல் கொண்டுபோனது. யாருடைய சித்தம் நிலத்தட்டுகளை நகர்த்தியது? ரோமர் 8 சிருஷ்டி முழுவதும் தவிக்கிறது, விடுதலைக்குக் காத்திருக்கிறது என்கிறது. அதற்கு மேல் விளக்கம் நம் கையில் இல்லை.

துன்பத்திலிருந்து பாவத்தைக் கணக்குப் போடுவது

இதுவே எல்லாவற்றிலும் அதிகமாகக் காயப்படுத்துகிறது. பிறவிக்குருடனைப் பார்த்துச் சீஷர்கள் "யார் செய்த பாவம்" என்று கேட்டார்கள். இயேசு இரண்டு தெரிவையும் மறுத்தார். லூக்கா 13-இல், சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த 18 பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்றால் "அப்படியல்ல" என்றார். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கடவுளின் கோபத்துக்கு ஆளானார்கள்.

பாடத்துக்கு ஒரு மணி நேரம் இருந்தால் வரிசை இப்படி இருக்கட்டும்: ஆதியாகமம் 1-க்கு 15 நிமிடம், 3-ஆம் அதிகாரத்துக்கு 20, ரோமர் 5-க்கும் 8-க்கும் சேர்த்து 15, லூக்கா 13-க்கு 10. பாம்பிலிருந்து தொடங்கினால் 'நல்லது' என்ற தீர்ப்பு யார் மனதிலும் பதியாது.

சாவு வீட்டில் இந்த வரிசை எதுவும் வேண்டாம். 13-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொண்டு போங்கள், ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் "எதுவரைக்கும்" என்று நான்கு முறை வருகிறது. அந்த நான்கையும் நிறுத்தி, மெதுவாக வாசியுங்கள்.