கை ஸ்பிளிண்ட் மாட்ட, முதலில் மணிக்கட்டை மடக்குங்கள்

பக்கவாதத்துக்குப் பிறகு விரல்கள் இறுக மூடிக்கொண்டவருக்கு, கையை விரித்தபடி தாங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் ஸ்பிளிண்டை மாட்டுவது பல வீடுகளில் தினசரி மல்லுக்கட்டு. விரல்களை வெடுக்கென்று இழுக்காதீர்கள். வேகமாக இழுக்க இழுக்க தசை இன்னும் முறுக்கிக்கொள்ளும். மணிக்கட்டை மெல்ல உள்ளங்கைப் பக்கம் மடக்கினால் விரல்கள் ஓரளவு தளரும். அப்போது கட்டைவிரலை அடியில் பிடித்து விலக்கி, மற்ற விரல்களை ஸ்பிளிண்டில் படியவையுங்கள். அப்புறம் மணிக்கட்டை நிதானமாக நிமிர்த்திப் பட்டையை ஒட்டுங்கள்.

கடலூர், புதுச்சேரி வெக்கையில் வியர்வைதான் பெரிய தொல்லை. உள்ளே மெல்லிய பருத்தி உறை போடுங்கள், சுருக்கம் இல்லாமல். கழற்றியதும் தோலைப் பாருங்கள். உணர்ச்சி குறைந்த கைக்குப் புண் ஆவதே தெரியாது. சிவந்த தடம் அரை மணி நேரத்தில் மறையவில்லையா? மறுபடி மாட்டாமல், செய்து கொடுத்தவரிடம் காட்டுங்கள். நீங்களே வளைத்துப் பார்க்க வேண்டாம்.

கழுவியபின் நிழலில் உலர்த்துங்கள். வெந்நீரிலோ வெயிலில் நிற்கும் காரிலோ பிளாஸ்டிக் உருமாறிவிடும்.

எத்தனை மணி நேரம் போடுவது என்பது ஆளுக்கு ஆள் மாறும். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் இதற்கென்றே உடலியக்க மருத்துவ, மறுவாழ்வுத் துறை இருக்கிறது. கடையில் கிடைத்ததை வாங்கி மாட்டுவதற்குமுன் அங்கே கேட்டுவிடுங்கள்.