ரீஜென்சி காதல் நாவல்: பழகிய கதைமுடிச்சுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் நோயுற்று ஆளும் திறனை இழந்தபின், 1811 முதல் 1820 வரை அவருடைய மகன் அரசப் பிரதிநிதியாக இருந்து ஆண்ட காலமே ரீஜென்சி காலம். அக்காலத்தைக் களமாகக் கொண்ட காதல் நாவல்களில் போலி நிச்சயதார்த்தம், காதலின்றிச் செய்துகொள்ளும் திருமணம், ஸ்காட்லாந்துக்கு ஓடிப்போதல் ஆகிய முடிச்சுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. இவற்றைச் சலித்துப்போன சரக்கென்று ஒதுக்குவது முதல் தவறு. இருவரும் சேர்ந்துவிடுவார்கள் என்பது வாசகருக்கு முதல் பக்கத்திலேயே தெரியும். எப்படிச் சேர்வார்கள், அதற்காக எதை இழக்கத் துணிவார்கள் என்று அறியவே அவர் படிக்கிறார். புதுமை என்ற பெயரில் அந்த உறுதியைக் கடைசி அத்தியாயத்தில் பறிப்பது அவருக்குச் செய்யும் துரோகம்.

இதைவிடப் பெரிய தவறு, முடிச்சை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை இறுக்கிய சட்டத்தையும் வழக்கத்தையும் விட்டுவிடுவது. போலி நிச்சயதார்த்தத்தைப் பாருங்கள். மணப்பதாக வாக்களித்த ஆண் பின்வாங்கினால் அவன் மானம் போகும். வாக்கை மீறியதற்காகப் பெண் வழக்குத் தொடுத்து இழப்பீடும் கேட்கலாம். ஆகவே, நாடகம் முடிந்ததும் உறவை முறிக்க வேண்டியவள் பெண்தான். ஏமாற்றுக்காரி என்ற பழிச்சொல்லும் அவளையே சேரும். அவனை விடுவிக்கத் தன் பெயரைக் கெடுத்துக்கொள்ள அவள் முன்வரும் கட்டத்தில்தான், காதலென்று ஒருமுறைகூடச் சொல்லாமலே காதல் வெளிப்படுகிறது. நாயகன் சாவகாசமாக ஒரு கடிதம் எழுதி நிச்சயத்தை முறித்துக்கொள்ளும் நாவல், தன் கையிலிருந்த மிகச் சிறந்த காட்சியைத் தானே வீணாக்கிக்கொள்கிறது.

காதலற்ற திருமணத்திலும் இதுவே நிலை. அன்றைய ஆங்கிலச் சட்டப்படி, தனி ஏற்பாடு செய்திராவிட்டால் மனைவியின் பணமும் நகையும் கணவனுடையவை. மறுமணத்துக்கு வழிவிடும் விவாகரத்து வேண்டுமென்றால் 1857க்கு முன்பு நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே இயற்ற வேண்டும். உடலுறவு நிகழவில்லை என்ற ஒரே காரணத்தால் திருமணத்தைச் செல்லாததாக்கலாம் என்று பல நாவல்கள் எழுதுகின்றன. இங்கிலாந்தில் அது மட்டும் போதாது, ஆண்மையின்மை போன்ற காரணத்தை நிறுவியாக வேண்டும். வெளியேற வழியில்லாத வீட்டுக்குள் இரு அந்நியர் மெல்ல மெல்ல ஒருவரையொருவர் அறிவதே இம்முடிச்சின் ஈர்ப்பு. எளிதாகத் திறக்கும் கதவொன்றை வைத்துவிட்டால் அது குலைந்துபோகும்.

திருந்தும் காமுக நாயகனைப் பொறுத்தவரை ஒன்று சொன்னால் போதும்: நாயகியிடம் அவன் காட்டும் கொடுமையைக் காதலின் வேகமென்று பூசி மெழுகக் கூடாது.

ஓடிப்போகும் கதைகளில் வயதைக் கவனியாமல் எழுதுவது வழக்கமாகிவிட்டது. 1753ஆம் ஆண்டின் திருமணச் சட்டப்படி, 21 வயது நிரம்பாதவர் பெற்றோர் சம்மதமின்றித் திருச்சபையின் திருமண உரிமம் பெற்று மணந்தால் அத்திருமணம் செல்லாது. தேவாலயத்தில் மூன்று ஞாயிறுகள் அறிவித்து மணக்க முயன்றாலோ பெற்றோர் எழுந்து தடுக்கலாம். அச்சட்டம் ஸ்காட்லாந்தைக் கட்டுப்படுத்தாததால்தான் எல்லையோரத்து கிரெட்னா கிரீன் என்ற சிற்றூர் ஓடிப்போகும் காதலர்களால் புகழ்பெற்றது. லண்டனிலிருந்து முந்நூறு மைலுக்கும் மேற்பட்ட அந்தக் குதிரைவண்டிப் பயணத்தில்தான் துரத்திவரும் அண்ணனுக்கும், ஒரே அறை மிஞ்சிய விடுதிக்கும் இடம் கிடைக்கிறது. இருபத்தைந்து வயது நாயகி தந்தை மறுத்தார் என்பதற்காக வடக்கே ஓட வேண்டியதில்லை. அவளை அனுப்பியே தீரவேண்டுமென்றால், மணமகனுக்கு வயது நிரம்பவில்லை என்பது போன்ற வேறொரு காரணத்தை எழுத்தாளர் முன்கூட்டியே அமைத்திருக்க வேண்டும்.