சிகிரியாவின் அரச தோட்டங்கள்: பார்க்கச் செல்வோரும் பராமரிப்போரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையிலுள்ள சிகிரியாவின் மேற்கு வாயிலில் அகழியைக் கடந்து உள்ளே வருபவர்களில் பெரும்பாலோர் நிமிர்ந்து பாறையைத்தான் பார்க்கிறார்கள். ஏறக்குறைய 200 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் அந்தப் பாறையின் உச்சிக்கு வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும் என்ற அவசரத்தில், இரு பக்கமும் விரிந்து கிடக்கும் நீர்த்தோட்டங்களை அவர்கள் பாதை ஓரத்துப் புல்வெளியாக எண்ணிக் கடந்து போகிறார்கள். ஆனால் கி.பி. 477 முதல் 495 வரை ஆண்ட முதலாம் காசியப்பன் எழுப்பிய அரச வாசத்தலத்தில், உச்சியில் இருந்த அரண்மனை எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியமானவை அடிவாரத்துத் தோட்டங்கள். மேலே இன்று எஞ்சியிருப்பவை பெரும்பாலும் அத்திவாரங்களும் ஒரு பெரிய கல் தடாகமுமே. கீழேயோ குளங்களும் வாய்க்கால்களும் நீரூற்றுகளும் தங்கள் வடிவம் குலையாமல் இருக்கின்றன. உலகில் இவ்வளவு பழமையான அரச தோட்டம் ஒன்றின் அமைப்பை இவ்வளவு தெளிவாகக் காணக்கூடிய இடங்கள் மிகச் சிலவே.

எனவே பார்வையாளர் செய்யும் முதல் தவறு, தோட்டத்தைத் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுச் செல்வதுதான். பாறையிலிருந்து இறங்குவோரை வெளியேறும் வழி நாகபடக் குகையை ஒட்டிச் சென்று தெற்குப் பக்கத்து வாகனத் தரிப்பிடத்தில் கொண்டுபோய் விடுகிறது. நீர்த்தோட்டங்கள் அந்த வழியில் வருவதில்லை. களைத்த கால்களோடு மீண்டும் மேற்குப் பக்கம் நடக்க யாருக்கும் மனம் வராது. காலையில் உள்ளே நுழைந்தவுடன் ஒரு மணி நேரத்தைத் தோட்டத்துக்கென ஒதுக்குவது நல்லது. பிறகு உச்சிக்குச் சென்றதும் மேற்கு விளிம்பில் நின்று கீழே பார்த்தால், சற்றுமுன் நடந்து வந்த பாதையே அச்சாக அமைய, அதன் இரு மருங்கிலும் குளங்கள் ஒன்றுக்கொன்று எதிரொப்பாக அமைந்திருக்கும் ஒழுங்கு விளங்கும். கீழே நடந்து பார்க்காதவருக்கு அந்தக் காட்சி வெறும் நிழற்படமாகவே முடிந்துவிடும்.

பருவத்தைக் கணக்கில் எடுக்காமல் செல்வது அடுத்த தவறு. சிகிரியா உலர் வலயத்தில், மாத்தளை மாவட்டத்தில் இருக்கிறது. வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழை பெய்யும் நவம்பர் முதல் ஜனவரி வரையான மாதங்களில்தான் குளங்கள் நிறைந்து, வாய்க்கால்களில் நீர் ஓடும். இரண்டாவது நீர்த்தோட்டத்தில், வளைந்து செல்லும் ஆழமற்ற இரண்டு ஓடைகளை ஒட்டி, துளைகள் இடப்பட்ட வட்டவடிவச் சுண்ணக்கல் தட்டுகள் பதிக்கப்பட்டுள்ளன. நிலத்தடிக் குழாய்வழிகளில் உயர்ந்த இடத்திலிருந்து இறங்கி வரும் நீர், தன் அழுத்தத்தாலேயே அந்தத் துளைகளின் வழியே மேலெழும்ப வேண்டும் என்பது அமைப்பு. 1,500 ஆண்டுகள் கடந்த பின்னும், நல்ல மழைக்குப் பின் அந்த ஊற்றுகள் இன்றும் இயங்குகின்றன. எந்த இயந்திரமும் இல்லாமல், மழையும் நிலத்தின் சரிவும் மட்டுமே சேர்ந்து இதைச் செய்வதைக் கண்ட பின் சிகிரியா என்ற பெயருக்கே வேறு பொருள் தோன்றுகிறது. எனக்கு அப்படித்தான் தோன்றியது. ஆகஸ்ட் வெயிலில் சென்று, வறண்ட தரையைக் கண்டு, இங்கு ஒன்றுமில்லை என்று முடிவு கட்டுவது தோட்டத்துக்குச் செய்யும் அநீதி.

எதைப் பார்க்கிறோம் என்று அறியாமல் நடப்பதால் நேரும் சேதங்கள் இன்னும் கவலை தருபவை. உள் மதிலைத் தாண்டியவுடன் இருக்கும் சிறு நீர்த்தோட்டத்தில் நீர் ஆழமாக நிறுத்தப்படவில்லை. கூழாங்கற்களும் மெருகிட்ட கற்பலகைகளும் பரப்பிய தளத்தின் மேல் மெல்லிய படலமாக ஓடவிடப்பட்டது. அப்படி ஓடும் நீர் தன்னைச் சூழ்ந்த கட்டடங்களுக்குக் குளிர்ச்சி தந்தது. அந்தத் தளத்திலிருந்து ஒரு கூழாங்கல்லை நினைவுப் பொருளாக எடுத்துச் செல்பவர், அதைக் கடற்கரையில் பொறுக்கும் கல்லோடு ஒப்பிடுகிறார். உண்மையில் அவர் ஒரு புராதனக் கட்டடத்தின் தளத்திலிருந்து ஒரு துண்டைப் பெயர்த்துச் செல்கிறார். ஊற்றுத் தட்டுகளின் துளைகளில் நாணயமோ குச்சியோ போட்டுப் பார்ப்பதும் இதே வகையைச் சேர்ந்தது. துளைக்குக் கீழே உள்ள சிறு அறையில் விழுந்த பொருளை வெளியே எடுக்க வேண்டுமானால் தட்டையே அசைக்க வேண்டி வரும். அசைத்த கல் பழையபடி பொருந்தும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

குளங்களின் செங்கல் விளிம்புகளில் ஏறி நின்று படம் எடுப்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். முதலாவது நீர்த்தோட்டத்தில் நடுவே ஒரு தீவும், அதைச் சுற்றி நான்கு பெரிய குளங்களும், குளங்களைப் பிரிக்கும் நடைமேடைகளும் இருக்கின்றன. நான்காகப் பகுத்து அமைக்கும் இந்த வகைத் தோட்டங்களுள் இன்றுவரை எஞ்சியிருக்கும் மிகப் பழையவற்றுள் இதுவும் ஒன்று. முகலாயர் இத்தகைய தோட்டங்களை இந்தியாவில் அமைக்கத் தொடங்குவதற்கு ஆயிரம் ஆண்டுகள் முற்பட்டது. அந்த நடைமேடைகளின் ஓரச் செங்கற்கள் ஒவ்வொரு மழையிலும் ஊறி, ஒவ்வொரு கோடையிலும் காய்ந்து, இளகிய நிலையில் இருப்பவை. ஒருவர் ஏறி நிற்பதால் எதுவும் ஆகாது என்று ஒவ்வொருவரும் நினைப்பதுதான் சிக்கல். பாடசாலைச் சுற்றுலாக்களில் வரும் பிள்ளைகளைப் பாதையில் நடக்கச் சொல்வதோடு நிறுத்தாமல், ஏன் அப்படி நடக்க வேண்டும் என்பதையும் ஆசிரியர்கள் வாயிலிலேயே ஐந்து நிமிடம் விளக்கினால், பெரும்பாலான பிள்ளைகள் அதை மீறுவதில்லை.

நீர்த்தோட்டங்கள் முடிந்து பாறாங்கல் தோட்டம் தொடங்கும் இடத்தில் வேறொரு தவறான எண்ணம் தலைகாட்டுகிறது. மூன்றாவது நீர்த்தோட்டத்தின் எண்கோணக் குளம் ஒரு பெரும் பாறாங்கல்லின் அடியில் அமைந்திருக்கிறது. வடிவ ஒழுங்குடைய தோட்டம் அங்கே இயற்கையின் ஒழுங்கின்மையோடு கைகோக்கிறது. அதற்கு மேலே உள்ள பாறைகள் தாமாகக் கிடப்பவை, தோட்டத்தோடு தொடர்பில்லாதவை என்று நினைத்துப் பிள்ளைகளை ஏறி விளையாட விடுகிறார்கள். அருகில் சென்று பார்த்தால் அநேகமாக ஒவ்வொரு பாறையிலும் வரிசையாக வெட்டுகள் தெரியும். செங்கல் சுவர்களின் அடிவரிசை பொருந்துவதற்கும் மரத்தூண்கள் நிற்பதற்கும் உளியால் செதுக்கப்பட்ட தடங்கள் அவை. பாறைகளின் மீதும் பாறைகளைச் சாய்ந்தும் கட்டடங்கள் இருந்தன. ஒரு பாறையின் உச்சியில் பெரும் கற்பலகைகளால் ஆன நீர்த்தொட்டியும், இன்னொன்றில் பாறையையே குடைந்து செய்த ஐந்து மீட்டர் நீள ஆசனமும் இன்றும் இருக்கின்றன. அந்த ஆசனத்தில் அமர்ந்து படம் எடுப்பதும், குகைச் சுவர்களில் பெயர் கீறுவதும் 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின் கீழ்த் தொல்லைக்கு ஆளாக்கக்கூடியவை. சட்டத்துக்கு அஞ்சி விடுவதைவிட, அந்தக் குகைகளில் காசியப்பனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பிக்குகள் வாழ்ந்து பிராமிக் கல்வெட்டுகளை விட்டுச் சென்றார்கள் என்பதை அறிந்து விடுவது மேல்.

உணவைப் பற்றியும் தேனீக்களைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன். தோட்டத்தில் உணவுப் பொதியைப் பிரித்தால் குரங்குகள் வரும். அவற்றுக்குக் கொடுத்துப் பழக்கினால் அடுத்து வருபவரின் பையைப் பறிக்கும். மீந்த பொலித்தீன் காற்றில் பறந்து வாய்க்காலில் அடைக்கும். மக்கள் குளவி என்று சொல்லும் பெரிய பாறைத் தேனீக்கள் செங்குத்துப் பாறை முகத்தில் கூடு கட்டியிருப்பதால், கீழே தோட்டத்திலிருந்து கூச்சலிட்டு எதிரொலி கேட்க முயல்வது மேலே படியில் நிற்பவர்களை ஆபத்தில் தள்ளக்கூடும். அகழியில் கால் நனைக்கவும் வேண்டாம். முதலை எச்சரிக்கைப் பலகைகள் அங்கே காரணமில்லாமல் வைக்கப்படவில்லை.

பராமரிப்புக்கு வருகிறேன். இதைப் படிப்பவர்களில் சிகிரியாவைப் பராமரிக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் சிலரே ஆயினும், சிரமதானத்துக்குச் செல்லும் மாணவர்களும், தங்கள் ஊரில் ஒரு பழைய குளக்கரையையோ சிதைந்த மாளிகை வளவையோ துப்புரவு செய்யும் சங்கத்தினரும் இதே தவறுகளையே செய்கிறார்கள். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் சேதம்தான் தடுப்பதற்கு மிகவும் கடினமானது.

அவற்றுள் பெரியது, அழகுபடுத்த வேண்டும் என்ற ஆசை. காலியான புல்வெளியைக் கண்டவுடன் பூச்செடி நடலாமே என்று தோன்றுகிறது. ஆனால் அந்தப் புல்லுக்கு அடியில், சில இடங்களில் ஒரு முழத்துக்கும் குறைவான ஆழத்தில், வாய்க்கால் சுவர்களும் தளங்களும் இருக்கக்கூடும். நடுவதற்குத் தோண்டும் குழியும், பின்னர் இறங்கும் வேரும், தினமும் ஊற்றும் நீரும் மூன்று வகையான சேதங்கள். ஆழமாக வேர்விடாத குட்டைப் புல்லே அங்கே ஏற்ற போர்வை. அது மண்ணை மழையில் கரையாமல் பிடித்துக்கொள்ளும், கீழுள்ளதைத் தொடாது. அந்தப் புல்லை வெட்டும்போதும் கவனம் தேவை. சுழலும் நைலோன் இழை கொண்ட இயந்திரத்தைச் செங்கல் விளிம்புவரை கொண்டுசென்றால், ஒவ்வொரு முறையும் செங்கல்லின் முகத்திலிருந்து சிறிது தெறிக்கும். சுவரிலிருந்து ஓர் அடி தூரத்தைக் கையரிவாளுக்கு விட்டுவிடுவதால் வேலை நீளும். ஆனால் சுவர் மிஞ்சும்.

வேர்களைப் பற்றி எதிரெதிரான இரண்டு தவறுகள் உண்டு. பாறையின் அடிவாரத்தில் படிப்படியாக உயரும் படித்தளத் தோட்டத்தின் சுவர் இடுக்கில் அரசங்கன்றோ ஆலங்கன்றோ முளைத்தால், நிழலுக்காகவோ பக்திக்காகவோ அதை விட்டுவைப்பது ஒன்று. சில ஆண்டுகளில் அந்த வேர் சுவரையே பிளந்துவிடும். வளர்ந்துவிட்ட பின் ஆத்திரத்தோடு அதைப் பிடுங்கி எறிவது மற்றொன்று; அதற்குள் அந்த வேரே செங்கற்களைக் கட்டிப்பிடித்து நிறுத்தியிருக்கும், பிடுங்கினால் செங்கற்களும் சேர்ந்து வரும். கன்று விரல் அளவில் இருக்கும்போதே அகற்றுவதுதான் வழி. அந்தக் காலம் கடந்துவிட்டால் தண்டை வெட்டி, அடிமரத்தைத் துளிர்க்காமல் செய்து, வேர் தானாக உலர்ந்த பின் இடைவெளியைச் சுண்ணக் கலவையால் நிரப்ப வேண்டும். இங்கே சீமெந்தைப் பயன்படுத்துவது மூன்றாவது தவறு. சீமெந்து பழைய செங்கல்லைவிடக் கடினமானது, ஈரத்தை வெளியேற விடாதது. சிக்கிய ஈரமும் உப்பும் மென்மையான செங்கல்லின் வழியே வெளியேறப் பார்க்கும்போது செங்கல்தான் உதிர்கிறது. ஒட்டுப்போட்ட இடம் உறுதியாக நின்று, சுற்றியுள்ள பழைய சுவர் பொடியாவதைப் பல புராதன இடங்களில் காணலாம்.

குளத்தைத் தூர்வாரும்போது மண்வெட்டியின் வேகத்தில் அடித்தளம் வரை சுரண்டிவிடுவதும், எடுத்த சேற்றை எதுவும் பாராமல் கொட்டிவிடுவதும் வழக்கம். அந்தச் சேறும் ஒரு பதிவேடுதான். உடைந்த ஓடும் பானைத் துண்டும் அதில் கிடக்கலாம். தொல்பொருள் அறிந்தவர் அருகில் இல்லாமல் அந்த வேலையில் இறங்கக் கூடாது. ஊற்றுகள் ஆண்டு முழுவதும் பாய்ந்தால் பயணிகள் மகிழ்வார்களே என்று மின்பம்பு பொருத்தும் யோசனையையும் நான் ஏற்க மாட்டேன். பழைய குழாய்வழிகள் புவியீர்ப்பின் மெதுவான அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை என்பது ஒரு காரணம். வறண்ட மாதங்களில் ஊற்று அமைதியாக இருப்பதும் அந்தத் தோட்டத்தின் இயல்பே என்பது மற்றொரு காரணம். ஊற்றைக் காக்க விரும்புவோர் முதலில் பார்க்க வேண்டியது பாறையின் தெற்கே உள்ள சிகிரி மகா குளத்தையும், அதற்கு நீர் தரும் காட்டையும்தான்.

ஒரே அரசனின் காலத்துக்குத் தோட்டத்தைத் திருப்பிவிட வேண்டும் என்ற பேச்சும் அவ்வப்போது எழுகிறது. 495இல் காசியப்பனின் சகோதரன் முகலன் இந்தியாவிலிருந்து படையோடு வந்து வென்ற பின், சிகிரியா மீண்டும் பௌத்த மடமாயிற்று. பல நூற்றாண்டுகள் மக்கள் அங்கே வாழ்ந்தார்கள், கட்டினார்கள், மாற்றினார்கள். சிறு நீர்த்தோட்டத்திலேயே ஒன்றுக்கு மேற்பட்ட காலக்கட்டங்களின் கட்டுமானம் தெரிகிறது. பிந்திய சுவரைப் பிழை என்று எண்ணி அகற்றினால், அகற்றப்படுவது அங்கே வாழ்ந்தவர்களின் வரலாறாகும்.

எஞ்சியிருப்பதையெல்லாம் உடனே அகழ்ந்து காட்டுங்கள் என்று கேட்பதும் சரியன்று. 1982இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற அந்த ஆண்டிலேயே இலங்கையின் பழைய தலைநகரங்களைப் பாதுகாக்கும் கலாசார முக்கோணத் திட்டத்தின் கீழ் பெரிய அளவில் தொடங்கிய அகழ்வுகள், இன்று நாம் நடந்து பார்க்கும் குளங்களில் பலவற்றை வெளிக்கொணர்ந்தன. ஆயினும் கிழக்கு மேற்காக மூன்று கிலோமீட்டரும் வடக்குத் தெற்காக ஒரு கிலோமீட்டரும் விரிந்த அந்த வளாகத்தின் பெரும் பகுதி இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கிறது. மண்ணுக்குள் இருக்கும் செங்கல்லை வெயிலும் மழையும் காலணியும் தொடுவதில்லை. வெளியே எடுத்த நாளிலிருந்து அதற்குக் கூரையும் காவலும் வடிகாலும் வேண்டும். நீங்கள் நடக்கும் பாதைக்கு அப்பால், கயிறு கட்டித் தடுத்திருக்கும் வெறும் புல்மேடு ஒன்றைக் காணும்போது, அதன் குறுக்கே குறுக்குவழி போடாமல் சுற்றி நடந்து செல்லுங்கள்.